ஃபார்மேட் பரிகாரமாகுமா?

புது தில்லியின் தென்மேற்கே, விமான நிலையத்தை அடுத்து, தில்லி வளர்ச்சி ஆணையம் செக்டர் செக்டராக வகுத்து அமைத்த துவாரகா உபநகரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், மத்திய சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்க் குடும்பங்கள் பல வசித்து வருகின்றன. கைப்பேசியும் மடிக்கணினியும் வந்துவிட்ட பிற்பாடும், அவ்வீடுகளில் மேசைக் கம்ப்யூட்டர் ஒன்று இன்னமும் தன் ஸ்தானத்தை இழக்காமல் இருக்கிறது. பென்ஷன் கணக்கும், வருமானவரி விவரங்களும், பேரக் குழந்தையின் நுழைவுத் தேர்வுப் பாடங்களும், பல்லாண்டுக் காலத்துக் குடும்பப் புகைப்படங்களும் அதற்குள்தான் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த யந்திரம் வேலையின் நடுவே திடீரென்று நின்று, தானாகவே மறுபடி துவங்கி, சிறிது நேரம் ஒழுங்காக நடந்து, மீண்டும் நின்றுபோகுமானால், மார்க்கெட்டிலிருந்து அழைத்து வரப்படும் மெக்கானிக் பெரும்பாலும் வழங்கும் தீர்ப்பு ஒன்றே: "ஃபார்மேட் கர்னா படேகா"; அதாவது, டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றியாக வேண்டும். இரண்டாம் முறை அழைத்தால் தீர்ப்பு சற்று மாறும், யந்திரம் பழையதாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்பார்.

இவ்விரு தீர்ப்புகளையும் நான் ஆட்சேபிக்கிறேன். ஃபார்மேட் செய்வது எக்காலத்தும் கூடாது என்பதன்று என் வாதம். வைரஸ் புகுந்தோ, விண்டோஸின் கோப்புகள் சிதைந்தோ போன யந்திரத்துக்கு அதுவே தக்க பரிகாரமாகும் சமயங்கள் உண்டு. ஆனால் கேபினெட்டைத் திறந்து பாராமலும், எந்த வேலையின்போது நின்றது, துவங்கி எவ்வளவு நேரத்துக்குப் பின் நின்றது, திரையில் ஏதேனும் எழுத்துகள் தோன்றினவா என்று வீட்டாரை ஒரு கேள்விகூடக் கேளாமலும், காரணம் இன்னதென்று அறியும் முன்னரே அந்தக் காரணத்தைக் காட்டிக் கொடுக்கவல்ல பதிவுகள் யாவற்றையும் அடியோடு அழித்துவிடும் வழக்கத்தையே தவறென்கிறேன். பழுது மின்சாரத்திலோ, ராம் என்னும் நினைவகத்திலோ இருக்குமானால், புதிய விண்டோஸ் ஏற்றிய யந்திரம் சில நாள் நன்றாக நடப்பதுபோல் தோன்றிவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பும். அதற்குள் கூலியும் போயிருக்கும், கோப்புகளும் போயிருக்கும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனியானதொரு நஷ்டமும் உண்டு. யூனிகோடு முறை பரவுவதற்கு முன்னர் டாம், டாப், பாமினி முதலான முறைகளின் எழுத்துருக்களில் தட்டெழுதி வைத்த கட்டுரைகளும் கடிதங்களும் பலருடைய கம்ப்யூட்டர்களில் இன்றும் இருக்கின்றன. கோப்புகளை மட்டும் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு எழுத்துருவை விட்டுவிட்டால், ஃபார்மேட்டுக்குப் பின் திறக்கும்போது அவை பொருளற்ற ரோமன் குறிகளின் கூட்டமாகவே காட்சியளிக்கும். ஹிந்தி பேசும் மெக்கானிக்குக்கு இந்த விவரம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆதலால் நாமே முன்கூட்டிச் சொல்லி, எழுத்துருக்களையும் சேர்த்து எடுத்து வைக்கச் செய்வது அவசியம்.

அடிக்கடி நின்றுபோகும் கம்ப்யூட்டர், தான் நின்ற விதத்தைத் தானே எழுதி வைக்கிறது என்பது பொதுஜனங்களில் அநேகருக்குத் தெரியாத விஷயம். விண்டோஸ் தன்னுள் சமாளிக்க இயலாத பிழை ஒன்றைக் கண்டால், வேலையை நிறுத்தி, நீலத் திரையில் (விண்டோஸ் 11 இன் புதிய பதிப்புகளில் அது கறுப்புத் திரை) அப்பிழைக்குரிய குறியீட்டைக் காட்டி, அந்தக் கணத்தில் நினைவகத்தில் இருந்தவற்றின் சுருக்கத்தை மினிடம்ப் என்னும் கோப்பாக ஹார்ட் டிஸ்க்கில் சேமித்துவிட்டு, பிறகு தானே ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. இந்தத் தானியங்கி ரீஸ்டார்ட்டை நிறுத்தி வைக்க ஒரு வசதி உண்டு. அதை நிறுத்திவிட்டால் திரை அப்படியே நிற்கும், குறியீட்டைக் கைப்பேசியால் படம் பிடித்துக்கொள்ளலாம். அதுவும் தவறிப்போனால், ரிலையபிலிட்டி மானிட்டர் என்று தேடித் திறக்கும் பக்கத்தில், எந்தத் தேதியில் எந்தப் புரோகிராம் நின்றது, எந்தத் தேதியில் விண்டோஸே நின்றது, அதற்கு முன்தினம் எந்த டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) புதிதாக ஏற்றப்பட்டது என்பனவெல்லாம் நாள்வாரியாகக் குறிகளுடன் பதிவாகியிருக்கும். பத்து நிமிஷம் செலவழித்து இதைப் பார்க்கிறவருக்கு, பழுது இரு ஜாதிகளில் எந்த ஜாதியைச் சேர்ந்தது என்பது முதலில் விளங்கும். நீலத் திரையும் குறியீடும் மினிடம்ப்பும் விட்டுச் செல்லும் நிறுத்தம் ஒன்று. யாதொரு குறியும் இன்றி, ஈவென்ட் வியூவர் என்னும் பதிவேட்டில் கெர்னல்-பவர் 41 என்ற ஒற்றை வரியை மட்டும் விட்டுவிட்டு, விளக்கை அணைத்தாற்போல் நின்றுபோவது மற்றொன்று. அந்த 41 என்னும் வரி, யந்திரம் முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. ஆயினும் வேறு பதிவு எதுவும் இல்லாமல் அது மட்டும் திரும்பத் திரும்ப வருமாயின், விண்டோஸை நோவதில் பயனில்லை, மின்சாரத்தையும் உஷ்ணத்தையும்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

பதிவைப் படிப்பதன் மகிமைக்கு உலகறிந்த உதாரணம் ஒன்று துவாரகாவின் வாசலிலேயே நிகழ்ந்தது. செக்டர் 21 இல் விமான நிலைய மெட்ரோவில் ஏறினால் அடுத்த நிலையமே இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையம். 2024 ஜூலை 19 ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, அவ்விமான நிலையத்தில் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. பிரயாணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் வழங்கப்பட்டன. விமானம் புறப்படும் விவரங்களை வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினார்கள். கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் இந்திய நேரப்படி அன்று காலை 9.39 மணிக்கு அனுப்பிய ஒரு சிறிய கோப்பே உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்களை நிறுத்தியது என்பது பிற்பாடு தெரியவந்தது. அந்நிறுவனத்தின் புரோகிராம் 21 தகவல்களை எதிர்பார்க்க, அதற்குக் கொடுக்கப்பட்டவை 20 மட்டுமே; இல்லாத இருபத்தோராவதைத் தேடி நினைவகத்தின் எல்லைக்கு வெளியே அது வாசிக்க முற்பட்டதால், விண்டோஸின் உயிர்நிலையிலேயே ஓட்டம் நின்றது. 78 நிமிஷங்களுக்குள் அந்தக் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் முன்னமே நின்றுபோயிருந்த யந்திரங்களில் பெரும்பாலானவற்றை ஆட்கள் ஒவ்வொன்றாக அணுகி, சேஃப் மோடில் துவக்கி, அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்க வேண்டியதாயிற்று. 85 லட்சம் யந்திரங்களையும் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று அன்று எவரும் சொல்லவில்லை. பெரிய ஸ்தாபனங்களின் யந்திரம் நின்றால் காரணம் தேடப்படுகிறது. வீட்டு யந்திரம் நின்றால் காரணம் தேடுவது வீண் சிரமம் எனக் கருதப்படுகிறது. இந்தப் பாரபட்சத்துக்குச் சாஸ்திர ரீதியான ஆதாரம் எதுவும் கிடையாது.

இனி, துவாரகாவுக்கே உரிய காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் வெளிநாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இவற்றைக் கண்டுகொள்வதில்லை.

தில்லி நகரின் மின்சாரத் தேவை கோடையில் ஏறிக்கொண்டே போய், 2024 ஜூன் 19 ஆம் தேதி 8,656 மெகாவாட்டைத் தொட்டது. ஏ.சி. யந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடும் பிற்பகலிலும் முன்னிரவிலும், 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மின்னழுத்தம் தாழ்ந்தும், கம்ப்ரஸர் துவங்கும் கணத்தில் இன்னும் அமிழ்ந்தும் போவதுண்டு. மின்சாரம் நின்றால் வீட்டு இன்வெர்ட்டரோ, குடியிருப்பின் ஜெனரேட்டரோ கைகொடுக்கிறது என்றாலும், கைமாறும் அந்த இடைவெளியில்தான் விபரீதம் ஒளிந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, வெளி மின்சாரம் முற்றிலும் அற்றுப்போன பின் தன்னுள் தேங்கியுள்ள சக்தியைக் கொண்டு சுமார் 16 அல்லது 17 மில்லி விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது தரவிதி. நம் மின்சாரத்தின் ஒரு முழுச் சுழற்சிக்கு ஆகும் 20 மில்லி விநாடியைவிட இது குறைவு. விளக்குக்கும் மின்விசிறிக்கும் என்று பொருத்தப்பட்ட இன்வெர்ட்டர் அதைக் காட்டிலும் தாமதமாகக் கைமாறலாம். மின்விசிறி அதை உணராது, கம்ப்யூட்டர் உணர்ந்து நின்றுவிடும். இக்காரணம் பற்றியே பல இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ். என்று குறித்த ஸ்விட்ச் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் திருப்பி வைத்தால் கைமாறும் நேரம் குறையும். அந்த ஸ்விட்சை ஒருமுறையும் தொட்டறியாத வீடுகள் எத்தனையோ. அதனினும் உத்தமம், கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஒரு சிறு யு.பி.எஸ். வைத்து, அதன் பாட்டரி இன்னும் உயிரோடிருக்கிறதா என்று அவ்வப்போது சோதித்துக்கொள்வது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள்ளிருக்கும் கண்டென்ஸர்களும் உஷ்ணத்தால் ஆண்டுக்கு ஆண்டு வலுவிழப்பவையே. புதிதில் தாங்கிய இடைவெளியை ஏழெட்டு ஆண்டு கழித்து அது தாங்காமல் போவது இயல்பு. பெரிய விளையாட்டோ வீடியோ வேலையோ துவங்கியதும் யந்திரம் நிற்குமானால், அப்பெட்டியின் மேல் சந்தேகம் கொள்வது முற்றிலும் நியாயம்.

உஷ்ணத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? 2024 மே 29 ஆம் தேதி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவாயிற்று. கம்ப்யூட்டரின் பிராசஸரைக் குளிர்விக்கும் விசிறி, அறையில் உள்ள காற்றைத்தான் அதன்மேல் செலுத்துகிறதேயன்றிப் புதிதாகக் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. அறை பதினைந்து டிகிரி அதிகமாகச் சூடேறினால், உள்ளே இருக்கும் பாகங்களும் ஏறக்குறைய அவ்வளவுக்கு அதிகமாகச் சூடேறும். இன்றைய பிராசஸர்கள் 100 டிகிரியை அணுகும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அதற்கு மேலும் சூடு ஏறினால் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே அணைந்துவிடுகின்றன. இதனோடு, ராஜஸ்தானத்துப் பாலையிலிருந்து மே, ஜூன் மாதங்களில் எழுந்துவரும் ஆந்தி என்னும் புழுதிக் காற்றையும், ஓயாது நடக்கும் கட்டட வேலைகளின் தூசியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜன்னலில் பொருத்திய தண்ணீர்க் கூலருக்கு எதிரே கம்ப்யூட்டரை வைத்திருக்கும் வீடுகளில், அந்தத் தூசி ஈரக் காற்றில் குழைந்து, விசிறிக்கு அடியிலுள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்குகளில் அடையாக அப்பிக்கொள்கிறது. அப்படிப்பட்ட யந்திரத்துக்கு எத்தனை முறை விண்டோஸ் ஏற்றினாலும் என்ன பிரயோஜனம்? மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, விசிறியின் இறக்கைகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, புளோயரால் தூசியை வெளியேற்றி, பல ஆண்டுகளாகக் காய்ந்து கிடக்கும் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக இடுவதே அதற்கேற்ற சிகிச்சை. கோடைக்கு முன் ஒருமுறையும் தீபாவளிக்கு முன் ஒருமுறையும் இதைச் செய்துவிடும் வீடுகளில் உஷ்ணத்தால் நேரும் தொல்லை வெகுவாகக் குறைந்துவிடும்.

நீலத் திரை ஜாதியைச் சேர்ந்த நிறுத்தங்களில், குறியீடு நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தால் ராமைச் சோதிக்க வேண்டும். கூகுள் நிறுவனத்தின் யந்திரங்களை இரண்டரை ஆண்டுக் காலம் ஆராய்ந்து 2009 இல் வெளியான அறிக்கையில், ஓராண்டுக்குள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு யந்திரங்களின் நினைவகத்தில் ஒரு பிழையேனும் தோன்றியது என்று கண்டிருந்தது. அந்தப் பெரிய யந்திரங்களில் பிழையைத் திருத்தும் ஏற்பாடு உண்டு. நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பொதுவாக அது கிடையாதாகையால், பிழை சப்தமின்றி நுழைந்து, இன்று ஒரு புரோகிராமையும் நாளை விண்டோஸையும் நிறுத்துகிறது. விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் சோதனையையோ, இலவசமாகக் கிடைக்கும் மெம்டெஸ்ட்86 என்பதையோ ஓர் இரவு முழுவதும் ஓட விட்டால் பெரும்பாலும் உண்மை வெளிப்படும். நமது மெக்கானிக்குகள் ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை எழுதுரப்பரால் தேய்த்து மாட்டுவது வழக்கம். சில சமயம் அதனாலேயே குணமாகிவிடும். எனினும், எதனால் குணமாயிற்று என்று அறிந்துகொள்ள ஒரு வழி தேவை. நம் தர்க்க சாஸ்திரிகள் அன்வயம் என்றும் வியதிரேகம் என்றும் வகுத்துச் சொன்ன முறை இங்கே அப்படியே பொருந்தும்: சந்தேகத்துக்குரிய பொருள் இருக்கும்போது பழுது தோன்றுகிறதா, அது நீங்கியபோது பழுதும் நீங்குகிறதா என்னும் இரண்டையும் சோதித்த பிறகே அதைக் காரணமென்று முடிவு செய்ய வேண்டும். இரண்டு ராம்கள் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்து, பிறகு இடம் மாற்றிப் பார்ப்பதே இந்தச் சோதனை. ஒரு சமயத்தில் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்யலாகாது என்பது இதன் முதல் விதி. ராமை மாற்றி, டிரைவரையும் மாற்றி, விண்டோஸையும் ஏற்றிவிட்டால், குணமானாலும் காரணம் தெரியாது, ஆகாவிட்டாலும் தெரியாது.

இதே நெறியை நமது வானிலைத் துறையார் அந்த 2024 மே மாதத்தில் கடைப்பிடித்த விதம் பாராட்டுக்குரியது. சஃப்தர்ஜங்கில் 46.8 பதிவான அதே நாளில், தில்லியின் முங்கேஷ்பூர்த் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி என்று காட்டியது, நாடே திகைத்தது. துறையார் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவுமில்லை, நிலையத்தை இடித்துவிட்டுப் புதிது கட்டவுமில்லை. அளவுக் கருவியின் அருகில் தரமான மற்றொரு கருவியை வைத்து ஒப்பிட்டு, முன்னது சுமார் 3 டிகிரி அதிகமாகக் காட்டுகிறது என்று கண்டறிந்து அறிவித்தார்கள். அயல்வீட்டாரிடம் ஒரு நாளைக்கு எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை இரவல் பெற்று மாட்டிப் பார்ப்பதும் இதே விசாரணைதான்.

திரையில் தோன்றும் எழுத்துகளை வேதவாக்காகக் கொள்ளவும் கூடாது. இன்டெல் நிறுவனத்தின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை மேசைப் பிராசஸர்கள் சிலவற்றில் விளையாட்டுகள் அடிக்கடி நின்றபோது, கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று திரை அறிவித்தது. அதை நம்பிப் பலர் கிராபிக்ஸ் கார்டையும் அதன் டிரைவரையும் குறைகூறினார்கள். பிராசஸரே, தனக்கு வேண்டியதைவிட அதிக வோல்டேஜைக் கேட்டுப் பெற்று, நாளடைவில் தன்னைத்தானே சேதப்படுத்திக்கொண்டது என்று 2024 இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, திருத்தத்தை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. முன்னமே சேதமான பிராசஸரை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும். இந்த விவரம் அறியாமல் ஃபார்மேட் செய்துகொண்டே இருந்தவர்கள், உத்தரவாதத்தின்படி தமக்கு உரிமையான புதிய பிராசஸரைக் கேட்காமலே விட்டிருக்கக் கூடும். காரணம் தெரிந்தால்தான் உரிமையும் கைக்கு வரும்.

மெக்கானிக்குகளை மாத்திரம் குறைசொல்வது அநியாயம். துவாரகாவிலிருந்து நீல லைனில் ஜனக்புரி வெஸ்ட் சென்று, மெஜந்தா லைனுக்கு மாறி, நேரு என்கிளேவில் இறங்கி நேரு பிளேஸ் சந்தைக்குள் நுழைந்தால், மதர்போர்டில் உப்பிப்போன ஒரு கண்டென்ஸரைக் கண்ணால் கண்டுபிடித்துப் பற்றவைத்துக் கொடுக்கும் கைத்திறன் உள்ளவர்களை இன்றும் காணலாம். வீட்டுக்கு வருகிறவருக்குக் கூலி விண்டோஸ் ஏற்றுவதற்குத்தான் கிடைக்கிறது, காரணம் கண்டுபிடிப்பதற்குக் கிடைப்பதில்லை. இரண்டு மணி நேரம் ஆராய்ந்து, தூசியைத் துடைத்தாலே போதும் என்று சொன்னால், அதற்கா இவ்வளவு பணம் என்று நாமே முகம் சுளிக்கிறோம். ஆராய்ச்சிக்குக் கூலி கொடுக்கும் மனம் நமக்கு வராதவரை ஆராய்கிறவரும் வரமாட்டார்.

சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 2019 ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அவசியமான தகவலை நுகர்வோரிடமிருந்து வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. பழுது பார்க்கும் உரிமைக்கான விதிமுறைகளை வகுக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்து, அவ்வருஷ முடிவில் அதற்கென்று ஒரு வலைவாசலையும் திறந்தது. இந்த முயற்சி இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும் என்பது என் கோரிக்கை: பழுது பார்த்ததற்கு ரசீது கொடுக்கும் எவரும், கண்ட காரணம் என்ன, அதை எவ்வாறு உறுதி செய்தார் என்னும் இரண்டு வரிகளை அதில் எழுதியாக வேண்டும் என்று விதி செய்ய வேண்டும். விண்டோஸ் 10 க்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் தேதியோடு முடிந்ததைச் சாக்காக வைத்து, வெறும் தூசியால் நிற்கும் யந்திரத்தையும் காலாவதியானது என்று தள்ளச் சொல்வது பெருகியிருக்கும் இந்நாளில் இவ்விதி மிகவும் அவசரமானது. தள்ளப்படும் யந்திரங்களில் பல யமுனைக்கு அக்கரையிலுள்ள சீலம்பூரை அடைகின்றன. அங்கே ஏழைத் தொழிலாளிகள், முகத்துக்கு ஒரு கவசமும் இன்றி, மதர்போர்டுகளை உடைத்துப் பிரித்து உலோகங்களை எடுத்து ஜீவனம் செய்கிறார்கள். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதிய மின்னணுக் கழிவு விதிகள் அமலில் இருந்தும் இந்த நிலை முற்றிலும் மாறவில்லை. ஒரு ராமை மாற்றியிருந்தால் இன்னும் ஐந்து வருஷம் உழைத்திருக்கக்கூடிய யந்திரம் அங்கே போய்ச் சேருவது, நமது அசிரத்தையின் பாரத்தை அவர்களுடைய நுரையீரலின் மேல் இறக்கி வைப்பதேயாகும்.

ஆகையால் வாசகர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான். உங்கள் கம்ப்யூட்டர் இரண்டாம் முறை தானே நின்றால், முதலில் கோப்புகளையும் எழுத்துருக்களையும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். நின்ற தேதி, நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, மின்சாரம் போய் வந்ததா என்னும் விவரங்களை ஒரு தாளில் எழுதி, நீலத் திரையின் படத்தோடு மெக்கானிக்கிடம் கொடுங்கள். காரணத்தைக் கண்டு சொன்னால் அதற்குத் தனியாகக் கூலி தருவதாக முன்னமே சொல்லிவிடுங்கள். அவர் அந்தத் தாளைப் பாராமலே ஃபார்மேட் என்று துவங்கினால், வேறொருவரை அழையுங்கள்; பணம் வாங்கிக்கொண்டு விவரம் மறைத்தால், தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள்.